கத்தரிப்பூ நிறத் தார்ப்பாய்

சிவஞானம் அந்தமானில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அந்த முப்பது வருடத்தில் அவர் அந்தமானைப் பார்த்ததில்லை. அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தீவில் அரசாங்க உத்தியோகம் பார்க்கும் தமிழர்களுக்கு லீவு என்றால் மெயின்லேண்ட்தான். எல்.டி.சி. என்று அரசாங்கமே டிக்கெட் போட்டு அனுப்பும்போது பக்கத்துத் தீவுக்கு எவன் போவான்? உலகமெல்லாம் கடன் வாங்கிக்கொண்டு வந்து இங்கே கால் நனைத்துக்கொண்டிருந்த காலத்தில், சிவஞானம் குடும்பத்தோடு கப்பலேறிப் போய் மெரினாவில் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்.

போர்ட் பிளேரில் ஹேடோ துறைமுகத்தின் ஸ்டோர்கீப்பராக ஓய்வு பெற்று இப்போது சில மாதங்கள். ஓய்வு பெற்றது பதவிதான், தோரணை இல்லை. இன்னமும் போனை எடுத்தால் “போர்ட் சிவஞானம் ஸ்பீக்கிங்” என்பார், துறைமுகத்தையே கையில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி.

அவர் மனைவி சுசீலாவுக்கு அபர்டீன் பஜாரில் ஒரு கடை. கயிறு, தார்ப்பாய், கொசுவலை, கம் பூட்ஸ், வாளி. வருடத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊரில் தங்கம் இல்லாமல் இருந்துவிடலாம், தார்ப்பாய் இல்லாமல் இருக்க முடியாது. வடக்கே ரங்கத், மாயாபந்தர் பக்கத்துச் சின்னக் கடைக்காரர்கள் போனில் சொல்வார்கள். அவள் மூட்டை கட்டிக் காலை பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். “வீட்ல சும்மா இருக்க முடியாம டைம் பாஸுக்கு ஒரு கடை வச்சிருக்கா” என்று சிவஞானம் விருந்தாளிகளிடம் சொல்வார். டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையில் இருக்கும் அவர்கள் வீட்டின் மேல்மாடி அந்த டைம் பாஸில் எழுந்தது என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

இந்த நிலையில்தான் சுசீலாவின் அண்ணன் பாலகுமார் சென்னையிலிருந்து மனைவி நளினியோடு வந்து இறங்கினார். ஒரு பெட்டி துணி, மூன்று பெட்டி கேம்பிங் சாமான். பாறைக் கடற்கரை ஓரமாகக் காரில் போய், கூடாரம் அடித்துத் தங்கி, நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டுமாம். அதெல்லாம் மேலுக்கு. உள்விஷயம் வேறு. பாலகுமார் குடியிருக்கும் அடுக்குமாடி வளாகத்தில், அவர் வீட்டுக்கு நேர் எதிர் ஃபிளாட் விலைக்கு வந்திருக்கிறது. தங்கை குடும்பம் கடையையும் வீட்டையும் விற்றுவிட்டு அங்கே வந்துவிட வேண்டும். மைத்துனர்கள் இருவரும் போனிலேயே முக்கால்வாசி பேசி முடித்துவிட்டார்கள். மீதிக் கால்வாசியை நெருப்பு மூட்டி உட்கார்ந்து முடிப்பதாகத் திட்டம்.

சுசீலாவிடம் யாரும் கேட்கவில்லை. தகவல் சொன்னார்கள். அவள் பதில் சொல்லாமல் பூரிக்கு மாவு பிசைந்தாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். பயணம் முடிந்து திரும்பும்போது தன் கடைக்கு ஆயுள் இருக்கிறதா என்று தெரிந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். என்ன சொல்லி மறுப்பது என்பதுதான் தெரியவில்லை. ‘எனக்கு இங்கே என்ன இருக்கிறது’ என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டால், ஒரு குடோனும் எலிப்பொறியும்தான் நினைவுக்கு வந்தன.

வாடகை இன்னோவாவைப் பாலகுமார்தான் ஓட்டுவதாக இருந்தது. ஃபெரார்கஞ்ச் தாண்டி மூன்று வளைவு வந்ததும் கழுத்து வலி என்று இறங்கிவிட்டார். சங்கவி ஓட்டினாள். சுசீலாவின் மகள், கல்லூரி முடித்தவள், ஸ்டீயரிங்கில் கை வைத்தால் அப்பாவின் பேச்சு காதில் விழாத வரம் பெற்றவள்.

ஜிர்காடாங்கில் போலீஸ் காவலோடு போகும் கான்வாய்க்குக் காத்திருந்து, வண்டிகளோடு வண்டியாக ஜாரவா பழங்குடிகளின் காட்டுக்குள் நுழைந்தார்கள். பாலகுமார் மெதுவாக ஜன்னலுக்கு நேரே போனைத் தூக்கினார்.

“மாமா, போனை உள்ள வைங்க. கேஸாயிடும்,” என்றாள் சங்கவி.

“ஒண்ணே ஒண்ணும்மா. யாராவது வந்தா…”

“அவங்க வீடுண்ணே இது,” என்றாள் பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் இருந்த சுசீலா. “உங்க ஃபிளாட் ஜன்னல்ல நான் எட்டிப் பாத்தா சும்மா இருப்பீங்களா?”

“எங்க காம்ப்ளெக்ஸ்ல செக்யூரிட்டி இருக்கான்.”

“இங்கயும் இருக்கான். பின்னால ஜீப்ல வர்றான்.”

போன் உள்ளே போயிற்று.

வண்டிப்படகில் ஏறி இறங்கி, காடு முடிந்து ஊர்கள் வரத் தொடங்கியதும் சிவஞானத்துக்குக் குரல் வந்துவிட்டது. அவர் இந்த ரோட்டில் வந்ததே இல்லை. ஆனால் முப்பது வருடத் தீவுக்காரர், மைத்துனர் எதிரில் ‘தெரியாது’ என்று சொல்ல முடியுமா? மரத்துக்கு மரம் பெயர் சொன்னார். ஓடைக்கு ஓடை வரலாறு சொன்னார். வெள்ளைக்காரன் எங்கே சுருட்டுப் பிடித்தான் என்பது வரை அவருக்குத் தெரிந்திருந்தது.

கதம்தலா தாண்டியிருக்கும். தென்னைகளுக்கு நடுவில் பளிச்சென்று ஒரு நிறம் தெரிந்தது. கத்தரிப்பூ நிறம். கொஞ்ச தூரம் போனதும் மேட்டில் இன்னொன்று. பிறகு கழிமுகத்தை ஒட்டி மூன்று, நான்கு.

“அது என்னண்ணே, வயலட் கலர்ல அங்கங்க தெரியுது?” என்று நளினி கேட்டாள்.

சிவஞானம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “அதுவா? அது ஒரு காட்டுப் பூம்மா. கொத்துக் கொத்தா பூக்கும். உலகத்துலயே இந்தத் தீவுல மட்டும்தான்.”

“பேரு?”

“லோக்கல்ல ஒண்ணு சொல்லுவாங்க. பொட்டானிக்கல் நேம் வேற.”

பாலகுமார் ஓடுகிற வண்டியிலிருந்தே படம் எடுத்து அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார்: ‘அபூர்வ அந்தமான் மலர். உலகில் வேறெங்கும் இல்லை.’ ரங்கத் வருவதற்குள் பதினேழு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

“அப்பா,” என்றாள் சங்கவி கண்ணாடியில் அம்மாவைப் பார்த்துக்கொண்டே, “இந்தப் பூவுக்கு மழைன்னா பிடிக்குமா?”

“மழைக்குன்னே உள்ள பூ அது.”

“அதான பாத்தேன்.”

முதல் பூவைப் பார்த்தபோதே சுசீலாவுக்குத் தெரிந்துவிட்டது. சென்னை மொத்த வியாபாரி ஒரு தடவை நீலத் தார்ப்பாய் கேட்டதற்கு லோடு முழுக்கக் கத்தரிப்பூ நிறத்தில் அனுப்பிவிட்டான். போர்ட் பிளேரில் ஒரு காண்டிராக்டரும் தொடவில்லை. ‘சைட்டுல இதைப் போட்டா சர்க்கஸ் வந்திருக்குன்னு நினைப்பாங்க தீதி’ என்றான் ஒருவன். அந்த ஊரில் எல்லா மொழிக்காரர்களுக்கும் அக்கா என்றால் தீதிதான். மாதக்கணக்கில் குடோனை அடைத்துக்கொண்டு கிடந்தது. அப்புறம் ஒரு புயல் சமயத்தில் அத்தனையும் வடக்கே போனது. போனது தெரியும். எங்கே போனது, யார் தலைக்கு மேல் விரிந்தது என்று அவள் பார்த்ததில்லை. இப்போது ஆட்டுக் கொட்டகை மேல், கவிழ்த்துப் போட்ட படகின் மேல், டீக்கடை முகப்பில் என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. ஆண்டு விழாவில் ஒரே மாதிரி வேஷம் போட்ட கூட்டத்தில் தன் பிள்ளையைத் தேடுகிறவள் மாதிரி ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டாள்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் முகம் விழும். அந்த முகத்தோடு இன்னும் ஒரு மணி நேரம் ஒரே வண்டியில் போக வேண்டும். முப்பது வருடக் குடும்பத்தில் ஒருத்தி கற்றுக்கொள்வது, எதை எப்போது சொல்லக்கூடாது என்பதைத்தான்.

ரங்கத்துக்கு வடக்கே ரோடு கடலோடு சேர்ந்துகொள்கிறது. கரும்பாறைகள் கரையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கி, நடுக்கடலில் ஒன்றிரண்டு தனியாக நின்றன. அலை அடித்து வெள்ளையாகச் சிதறியது. வண்டியை விட்டு இறங்கியதும் நளினி “அம்மாடி” என்று நின்றுவிட்டாள். சுசீலாவும்தான். எதிர்க்கடைக்காரன் ஷட்டரைத் தவிர வேறு காட்சி பார்த்திராத கண்களுக்கு அது கொஞ்சம் அதிகம்.

பாலகுமார் காட்சியில் மயங்கவில்லை. பெட்டிகளைப் பிரித்தார். இமயமலையில் அடிக்கிற கூடாரம் என்று பெட்டியில் போட்டிருந்தது. அந்தமான் பாறைக்கு அதைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை. முதல் முளை வளைந்தது. இரண்டாவது தெறித்துக் கடலுக்குள் போனது. மூன்றாவதைச் சிவஞானம் வாங்கி, “ஆங்கிள் தப்பு மச்சான்” என்று விளக்கிக்கொண்டே தன் கட்டைவிரலில் அடித்துக்கொண்டார்.

அப்போது வனத்துறைக் காவலர் ஒருவர் பைக்கில் வந்து நின்றார்.

“அரே பாய்சாப், இதர் டென்ட் நஹி,” என்றார். முதலை வரும், தண்ணீர் ஏறும் என்று கையாலேயே நடித்துக் காட்டினார். முதலை நன்றாகவே வந்தது.

சிவஞானம் வீங்கின விரலை மறைத்துக்கொண்டு முன்னால் வந்தார். “ஹம் போர்ட் சிவஞானம். ஹேடோ.”

“கௌன்?” யார் என்று கேட்டார் காவலர்.

“போர்ட். சிவஞானம்.”

காவலர் மரியாதையாக யோசித்தார். ஒன்றும் அகப்படவில்லை. சிவஞானம் தனக்குத் தெரிந்த அதிகாரிகளை ஒவ்வொருவராக இறக்கினார். ஒருவர் ரிட்டயர் ஆகிவிட்டார். ஒருவர் மாற்றலாகி டில்லி போய்விட்டார். ஒருவர் போன வருஷம் காலமாகிவிட்டார் என்ற செய்தியை இவர்தான் காவலரிடமிருந்து தெரிந்துகொண்டார். “பஹுத் அச்சா ஆத்மி தா”, ரொம்ப நல்ல மனுஷன் என்று இருவரும் ஒரு நிமிடம் துக்கம் அனுஷ்டித்தார்கள். கூடார விஷயம் இருந்த இடத்திலேயே இருந்தது.

“இன்னும் மணி நாலுதான மாப்பிள்ள, நிதானமா வேற இடம் பாப்போம்,” என்றார் பாலகுமார்.

“இங்க நாலுன்னா, இன்னும் ஒரு மணி நேரத்துல ராத்திரிண்ணே,” என்றாள் சுசீலா.

பாலகுமார் சூரியனைப் பார்த்தார். அது உண்மையிலேயே மலைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. ஏதோ ஏமாற்று வேலை என்பது போல் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார்.

சுசீலா போனை எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளிப் போனாள். இந்தக் கரையில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கும் யோகராஜ் அவளுக்குப் பல வருட வாடிக்கை. அவன் குடும்பம் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து, சுனாமிக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்தது. குரல்தான் பழக்கம். ஆளைப் பார்த்ததில்லை.

“யோகராஜ், நான் சுசீலா ஸ்டோர் பேசறேன்ப்பா. உங்க ஊர்ப் பக்கம்தான் நிக்கிறேன். பாறை பீச்ல.”

“அக்கா, அங்கனயே இருங்க. அசையாதீங்க. நான் வாறேன்.”

ஐந்தே நிமிடத்தில் ஸ்கூட்டர் ஒன்று புழுதி கிளப்பி வந்தது. சிவஞானம் சட்டையைச் சரி செய்துகொண்டு கையை நீட்டினார். யோகராஜ் அந்தக் கையைத் தாண்டி நடந்து, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்ற நளினிக்கு முன்னால் போய்க் கும்பிட்டான். “அக்கா.”

“நான் இல்லைங்க,” என்று நளினி பின்வாங்கினாள்.

“நான்தாம்ப்பா,” என்றாள் சுசீலா. பழைய பருத்திச் சேலை, ரப்பர் செருப்பு, கையில் பூரி டப்பா.

அந்தக் குரலைக் கேட்டதும் யோகராஜின் முகம் மாறிய விதத்தைச் சிவஞானம் பார்த்தார். தன்னை ஒருவரும் அப்படிப் பார்த்ததில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். நீட்டிய கையை மெதுவாகப் பாக்கெட்டுக்குள் கொண்டுபோனார்.

காவலர் கேட்டார், “சுசீலா தீதி? அபர்டீன் வாலி?” யோகராஜ் ஆமாம் என்றதும் ஹெல்மெட்டைக் கழற்றினார். தன் வீட்டுக் கூரையும் தீதி அனுப்பியதுதான் என்றார் ஹிந்தியில். பாறையில் மட்டும் வேண்டாம், யோகராஜின் தென்னந்தோப்பில் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள் என்று அவரே பெட்டியைத் தூக்கினார்.

தோப்பு பாறைகளுக்கு மேலேயே இருந்தது. மண்ணில் முளை இறங்கியது, கூடாரம் எழுந்தது. பாலகுமார் அதற்கு முன்னால் நின்று படமும் எடுத்துக்கொண்டார். அப்புறம் காற்று வந்தது, அதன் பின்னாலேயே மழை. கூடாரம் கொஞ்ச நேரம் இமயமலையை நினைத்துத் தாக்குப்பிடித்தது. பிறகு உள்ளே இருந்த பாலகுமாரோடும் நளினியோடும் சேர்ந்து சரிந்தது.

யோகராஜும் அவன் மனைவி ராணியும் வீட்டிலிருந்து ஒரு சுருளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். சுசீலா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றை வாங்கினாள். காற்று எந்தப் பக்கம் என்று ஒரு முறை முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம் தாழ்த்தி, எதிர்ப்பக்கம் தூக்கி, நான்கு தென்னைக்கு இழுத்துக் கட்டச் சொன்னாள். கட்டியவளும் அவளேதான். கடையில் கயிற்றை விற்கிறவள் முடிச்சுப் போடத் தெரிந்துதான் விற்கிறாள் என்பது அவள் கணவருக்கே அன்றுதான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் காய்ந்த தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேல் மழை தட்டிக்கொண்டிருந்தது. பாலகுமார் தலையைத் துவட்டிக்கொண்டே டார்ச்சை மேலே அடித்தார்.

“இது அந்தப் பூ கலர்ல இருக்கே,” என்றாள் நளினி.

“எந்தப் பூ அக்கா?” என்று ராணி கேட்டாள்.

பாலகுமார் மெதுவாகப் போனை எடுத்து, மதியம் எடுத்த படத்தை விரித்துப் பெரிதாக்கினார். பூவுக்குக் கீழே இரண்டு ஆடுகள் நின்றுகொண்டிருந்தன.

“மழைக்குன்னே உள்ள பூ,” என்றாள் சங்கவி. அதற்கு மேல் தாங்காமல் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

யோகராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் சொல்ல வேண்டியது அவனிடம் இருந்தது. “அந்தப் புயல்ல இந்தக் கரையில ஒரு வீட்டுக்கும் கூரை இல்லைங்க. கப்பலும் வரல. எல்லாக் கடைக்கும் போன் போட்டேன். ரேட்டு ஏறிருச்சு, ஸ்டாக் இல்ல, நாளைக்குப் பாப்போம்னாங்க. இந்த அக்காதான், ‘எத்தன வீடு’ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. மறுநா பஸ்ஸு மேல மல மாதிரி வந்து எறங்குது. ‘முதல்ல எல்லாரும் தலைய மூடுங்க, மத்தத அப்பறம் பேசுவோம்’னாங்க.” தலைக்கு மேல் விரிந்திருந்ததைக் காட்டினான். “இன்னைக்கும் இந்தக் கலரைப் பாத்தா எங்க புள்ளைங்க சுசீலான்னுதான் சொல்லும். கலரு பேரே அதுதான்.”

சுசீலாவுக்கு அந்த நாள் லேசாகத்தான் நினைவிருந்தது. குடோனைக் காலி செய்ய ஒரு வழி கிடைத்ததே என்றுகூட அன்றைக்கு நினைத்திருந்தாள். சிவஞானத்துக்கு நன்றாக நினைவிருந்தது. வீட்டில் சமையல் இல்லாமல் அவர் ஹோட்டல் புரோட்டா சாப்பிட்டு, அதைப் பற்றி மூன்று நாள் பேசிய இரவு அது.

மழை விட்டதும் அக்கம்பக்கத்தில் இருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பெங்காலி, தெலுங்கு, மலையாளம் என்று எல்லா மொழியும் கடைசியில் ஹிந்தியில் வந்து கூடி, தீதி, தீதி என்றது. ஒருத்தி மீன் குழம்பு கொண்டுவந்தாள். ஒருவர் நண்டு கொண்டுவந்தார். நெருப்பு மூட்டியது அவர்கள்தான். தீதியைப் பார்த்துவிட்டுப் போகிற ஒரு பெரியவர், ஓரமாக நின்ற சிவஞானத்தை, “ஆப் கௌன் ஹை?” என்று கேட்டார்.

சுசீலா காதைத் தீட்டிக்கொண்டாள். போர்ட் என்ற சொல் வரப்போகிறது என்று காத்திருந்தாள்.

“தீதி கா ஆத்மி,” என்றார் சிவஞானம். தீதியின் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு நெஞ்சைக்கூட நிமிர்த்தினார். வீங்கின கட்டைவிரலோடு அவர் நின்ற நிலையைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது.

காலையில் சூரியன் கடலுக்குள்ளிருந்து நேராகப் பாறை மேல் ஏறி வந்தது. ராணி கொடுத்த பால் சேர்க்காத கட்டன் சாயாவைக் குடித்துக்கொண்டிருந்தபோது பாலகுமார் தொண்டையைச் செருமினார். அவர் இரவு சரியாகத் தூங்கவில்லை. அதனால் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிட நினைத்தார்.

“சரி மாப்பிள்ள. ஃபிளாட்டுக்கு அந்தாளு இன்னைக்குப் பதில் கேட்டான். என்ன சொல்லட்டும்?”

சிவஞானம் நீண்ட சொற்பொழிவுக்கு வாயைத் திறந்தார். மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “அதை நீங்க உங்க தங்கச்சிகிட்டதான் கேக்கணும் மச்சான்,” என்றார். அவர் வாழ்க்கையிலேயே மிகச் சிறிய சொற்பொழிவு அது.

பாலகுமார் திரும்பினார். சுசீலா சாயாவைக் கீழே வைத்தாள். சொல்ல என்ன இருக்கிறது என்று ஊரில் தேடிக் கிடைக்காதது, இங்கே தென்னைக்குத் தென்னை கட்டியிருந்தது.

“நான் வரலண்ணே.”

“சுசீ, நல்லா யோசி. அங்க வந்தா உனக்கு ஒரு வேலையும் இல்ல. ரெஸ்டா இருக்கலாம்.”

“யாரு ரெஸ்ட் கேட்டா?”

“எதுத்த வீட்டுல நாங்க இருக்கோம்…”

“பொங்கலுக்கு வர்றேன். மதினி கையால சாப்பிட்டுட்டு, ரெண்டு சினிமா பாத்துட்டுத் திரும்பிடுவேன். மழை ஆரம்பிக்கிறப்ப நான் அங்க உக்காந்திருந்தா, இங்க யாருண்ணே போனை எடுக்கிறது?”

பாலகுமார் உதவிக்கு மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் கடலைப் பார்த்தார். “விடுங்க,” என்றாள் நளினி கணவரிடம். “நம்ம காம்ப்ளெக்ஸ்ல செத்துப்போனாக்கூட நேத்து வந்த மாதிரி இத்தன பேரு வரமாட்டாங்க.” பாலகுமார் தன் சாயாவை முழுவதும் குடித்தார். அப்புறம் போனை எடுத்து இரண்டு வரி அனுப்பினார். ஒன்று ஃபிளாட்காரருக்கு. மற்றது, அந்த அபூர்வ மலரைக் குழுவிலிருந்து அழிக்க முடியுமா என்று மகனுக்கு.

ராணி பக்கத்தில் வந்து குந்தினாள். “நேர்ல வந்திருக்கீங்க, அடுத்த லோடுக்கு என்னென்ன வேணும்னு இப்பவே சொல்லிடவாக்கா?” சுசீலா பாறை மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டாள். கொசுவலை கொஞ்சம் அகலமாக வேண்டும். கயிறு போன தடவை மெலிசு. அவளுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. சங்கவியிடம், திரும்புவதற்கு முன்னால் மாயாபந்தர் வரை போகலாம், அங்கேயும் பார்க்க வேண்டிய வீடுகள் இருக்கின்றன என்றாள்.

சிவஞானம் சுற்றிச் சுற்றி வந்து பக்கத்தில் நின்றார். தொண்டையைச் சரி செய்தார். ராணி எழுந்து போகும் வரை காத்திருந்தார்.

“கடைல ஸ்டாக் பாக்கிறதுக்கு ஆள் கீள் வேணுமா?”

“எதுக்குக் கேக்கறீங்க?”

“இல்ல. பகல்ல எனக்கும் ஒரு டைம்…” அந்தச் சொல்லை அவரே பாதியில் விழுங்கினார். “சும்மாதான் இருக்கேன்.”

சுசீலா அவரை மேலும் கீழும் பார்த்தாள், வேலை கேட்டு வருகிற ஆளைப் பார்க்கிற மாதிரி. “பேச்சைக் குறைக்கணும்.”

“குறைச்சுக்கலாம்.”

“மொதல்ல அந்தக் கயித்தை அவுத்துச் சுத்துங்க. பாப்போம்.”

அவர் போய்க் கயிற்றை அவிழ்த்தார். முழங்கையில் போட்டுச் சுற்றத் தொடங்கினார். முற்றிலும் தப்பாகச் சுற்றினார். நாளைக்கு அதைப் பிரித்தெடுக்க அரை நாள் ஆகும். சுசீலா ஒன்றும் சொல்லவில்லை. முதல் நாள் வேலைக்கு வந்தவர்.